பிரெஞ்சு-பெல்ஜிய காமிக்ஸ் சேகரிப்பு: இதழ், ஆல்பம், மறுபதிப்பு – முழுமையான வழிகாட்டி

ரிப்போர்ட்டர் ஜானி, சிக் பில், புருனோ பிரேசில். லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த மூவரும் சொந்தக்காரர்கள் மாதிரி. மூவருமே ‘டின்டின்’ என்ற ஒரே பெல்ஜிய வார இதழில் தொடராக வந்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1960-களில் வந்த அந்த இதழ் ஒன்று முதன்முதலாக என் கைக்குக் கிடைத்தபோது, நாம் ஜானி என்று அழைக்கும் ரிக் ஓஷே அதில் இரண்டே பக்கம்தான் இருந்தார். கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு திறக்கிறது. கீழே ‘தொடரும்’. அவ்வளவுதான். முழுக் கதையும் ஒரே புத்தகமாக வரும் ஆல்பத்தில் நாம் ஒரே மூச்சில் தாண்டிப் போகும் அந்தக் கதவுக்கு முன்னால் பிரஸ்ஸல்ஸில் ஒரு பையன் ஏழு நாள் காத்திருந்திருக்கிறான்.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. கதையைப் படிக்க மறுபதிப்பே போதும், பல நேரம் அதுதான் மேல். மறுபதிப்பில் வராத விளம்பரம், வாசகர் பக்கம், அந்த வாரத்து அட்டைப்படம், கதை எங்கே நின்றது என்பது, இதற்கெல்லாம்தான் பழைய பிரதி வேண்டும். இந்த வித்தியாசம் தெளிவாக இருந்தால் பணமும் மிஞ்சும், அலமாரியில் இடமும் மிஞ்சும். இனி ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

1. முதலில் ஒரு கோடு போடுங்கள்

‘ஐரோப்பிய காமிக்ஸ் சேகரிக்கிறேன்’ என்று இறங்கினால் இரண்டே வருடத்தில் வீடு பழைய பேப்பர் கடையாகிவிடும். ஒரு ஓவியர், ஒரு இதழ், ஒரு பதிப்பகம், இல்லையென்றால் ஒரே ஒரு கதை என்று எல்லையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கதையா என்று தோன்றலாம். டின்டினைப் படைத்த ஹெர்ஜேயின் ‘கறுப்புத் தீவு’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டின்டின் ஸ்காட்லாந்துக்குப் போகும் கதை. 1937-ல் ‘லெ பெத்தி வான்தியெம்’ என்ற நாளிதழ் இணைப்பில் தொடராக ஆரம்பித்து, 1938-ல் கறுப்பு வெள்ளை ஆல்பமாக வந்தது. 1943-ல் பக்கங்களைக் குறைத்து வண்ண ஆல்பமாக்கினார்கள். 1960-களில் அதை ஆங்கிலத்தில் வெளியிட விரும்பிய மெதுவன் பதிப்பகம், பிரிட்டன் இப்படி இருக்காது என்று சொல்லி 131 பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்பியது. ஹெர்ஜேயின் உதவியாளர் பாப் தெ மோர் பிரிட்டனுக்கே போய் ஸ்கெட்ச் போட்டுக்கொண்டு வந்தார். கதை முழுவதும் மறுபடி வரையப்பட்டது. 1965-ல் ‘டின்டின்’ இதழில் தொடராகவும் 1966-ல் ஆல்பமாகவும் வந்தது அந்த மூன்றாவது வடிவம்தான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து ஒரே காட்சியைப் பாருங்கள். ரயில், விமானம், காவலர் உடுப்பு எல்லாம் மாறியிருக்கும். கோடு மெலிந்து, பின்னணியில் தகவல் கூடியிருக்கும். ஒரு கலைஞரின் முப்பது வருடப் பயணத்தை ஒரே மேஜையில் பார்த்துவிடலாம். முதல் இரண்டு வடிவங்களுக்கும் ஃபேக்சிமிலி (பழையதை அப்படியே திரும்ப அச்சிட்ட) மறுபதிப்பு உண்டு என்பதால் செலவும் கட்டுக்குள் இருக்கும்.

2. மூன்று இதழ்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரெஞ்சு மொழி காமிக்ஸில் எந்தக் கதையைத் தொட்டாலும் வேர் பெரும்பாலும் மூன்று வார இதழ்களில் ஒன்றுக்குத்தான் போகும்.

‘ஸ்பிரூ’ 1938 ஏப்ரல் 21-ல் தொடங்கியது. பெல்ஜியத்தின் மார்சினெல் ஊரில் இருந்த துப்புயி குடும்பத்தின் அச்சகம்தான் பதிப்பாளர். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது 1943-ல் நின்று, அடுத்த வருடம் திரும்பி வந்தது. இன்றும் வாராவாரம் வருகிறது. லக்கி லூக்கின் முதல் கதை இதன் 1947-ஆம் வருட ஆல்மனாக் என்ற ஆண்டு மலரில் வந்தது. ஸ்மர்ஃப்கள் 1958-ல் இங்கேதான் தலைகாட்டின. நாம் ‘இரத்தப் படலம்’ என்று கொண்டாடுகிற கதை 1984-ல் இதில்தான் தொடராக ஆரம்பித்தது. அதை வரைந்த வில்லியம் வான்ஸ்தான் புருனோ பிரேசிலையும் வரைந்தவர்.

ஸ்பிரூ சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது நடுப்பக்கங்களைத்தான். 1959-லிருந்து இதழின் நடுவில் குட்டிக் குட்டிப் பக்கங்களாக அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும். அதைப் பிரித்து, மடித்து, வெட்டி, பின் அடித்தால் உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டிப் புத்தகம் கிடைக்கும். ஸ்மர்ஃப்கள் நாயகர்களாக வந்த முதல் கதையும் இப்படிப்பட்ட ஒரு குட்டிப் புத்தகம்தான். அந்தக் காலத்துக் குழந்தைகள் ஆசையாக வெட்டிவிட்டார்கள், வெட்டத்தானே கொடுத்தார்கள்! அதனால் நடுப்பக்கம் அப்படியே இருக்கும் இதழுக்கு ஒரு விலை, இல்லாததற்கு வேறு விலை. விற்பவர் சொல்லவில்லை என்றால் கேளுங்கள்: “நடுவில் இருக்கும் குட்டிக் கதை இருக்கிறதா? பின் பிரிக்கப்பட்டிருக்கிறதா?” நன்றாக மடித்துச் செய்த குட்டிப் புத்தகம் தனியாகக் கிடைத்தாலும் விடாதீர்கள். ஏதோ ஒரு குழந்தையின் கத்தரிக்கோல் கோணலாகப் போன இடம்கூட அதில் தெரியும்.

‘டின்டின்’ 1946 செப்டம்பர் 26-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தது. பதிப்பாளர் ரேமோன் லெபிளான். முதல் இதழ் 12 பக்கம். எட்கர் ஜேகப்ஸின் ‘பிளேக் அண்ட் மார்டிமர்’ தொடர் அந்த முதல் இதழிலேயே ஆரம்பமானது. ‘7 முதல் 77 வயது வரையிலான இளைஞர்களின் இதழ்’ என்பது இதன் முழக்கம். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பெல்ஜியப் பதிப்பு வேறு, பிரான்ஸ் பதிப்பு வேறு. பிரான்ஸ் பதிப்பு 1948 அக்டோபரில்தான் தொடங்கியது, எண் வரிசையும் தனி. ‘டின்டின் முதல் இதழ்’ என்று விற்பனைக்கு வந்தால் எந்த நாட்டு முதல் இதழ் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். டச்சு மொழியில் ‘காய்ஃப்யே’ என்ற பெயரில் வந்ததும் இதே இதழ்தான். படத்துக்காகவே சேகரிப்பவர்கள் அதையும் தேடலாம்.

இந்த இதழில் இன்னொரு கத்தரிக்கோல் பிரச்சினை உண்டு. ‘டின்டின் புள்ளி’ என்ற சின்ன முத்திரையை இதழிலும், கடைப் பொருட்களின் உறையிலும், லொம்பார் பதிப்பக ஆல்பங்களின் பின்னட்டையிலும் அச்சிட்டிருந்தார்கள். அதை வெட்டிச் சேர்த்து அனுப்பினால் வண்ணப்பட அட்டைகளும் பரிசுகளும் கிடைக்கும். பிறகு அந்த அட்டைகளே சேகரிப்புப் பொருளாகிவிட்டன. புள்ளி வெட்டாத ஆல்பத்துக்கு இன்றும் தனி மவுசு.

மூன்றாவது, பிரான்ஸின் ‘பிலோத்’. 1959 அக்டோபர் 29 தேதியிட்ட முதல் இதழிலேயே கோசினி, உடெர்ஸோவின் ஆஸ்டெரிக்ஸ் வந்துவிட்டார். 1963 அக்டோபரில் ஷார்லியே எழுதி ஜான் ஜிரோ வரைந்த புளூபெரி, அதாவது நம் கேப்டன் டைகர், இங்கே குதிரை ஏறினார். அதே ஜிரோ மோபியஸ் என்ற பெயரில் வேறொரு கோட்டில் வரைந்ததைப் பார்க்க ‘மெத்தால் ஹுர்லான்’ இதழுக்குப் போக வேண்டும். அதன் தொடக்கம் 1975. பிலோத்தின் 1960-கள் வசீகரமானவை. காமிக்ஸோடு விமானம், கப்பல், விளையாட்டு பற்றிய கட்டுரைகளும் இருக்கும். 1970-களில் அது பெரியவர்களின் இதழாக மாறிப் பிறகு மாத இதழாகியது. எனக்கு அந்த முதல் பத்து வருடம்தான் பிடிக்கும்.

இரும்புக்கை மாயாவியும் ஐரோப்பாதானே என்று கேட்பீர்கள். ஆமாம். 1962-ல் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்தவர். வரைந்த ஹெசுஸ் பிளாஸ்கோ ஸ்பானியர். ஆனால் பிரிட்டிஷ் இதழ்களின் சந்தை முற்றிலும் வேறு, அதற்குத் தனி வழிகாட்டி வேண்டும்.

3. தனி இதழா, பைண்ட் தொகுப்பா?

விற்காமல் திரும்பி வந்த இதழ்களைப் பதிப்பகங்களே பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்து, ஓரம் வெட்டி, கெட்டி அட்டை போட்டு விற்றன. பிரெஞ்சில் இதை ‘ரெக்கோய்’ என்பார்கள். கதை தொடர்ச்சியாகப் படிக்க, விளம்பரத்தோடு ஒரு காலத்தைப் பார்க்க, இதைவிட மலிவான வழி கிடையாது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

குறைகளும் உண்டு. ஓரம் வெட்டியதில் சில இடத்தில் படம் கொஞ்சம் போயிருக்கும். இலவச இணைப்புகள் பெரும்பாலும் இருக்காது. புத்தகம் கனமாக இருப்பதால் கடல் தாண்டி வரும் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டலாம். தொகுப்பைப் பிரித்துத் தனி இதழாக விற்பவர்களும் இருக்கிறார்கள். இதழின் முதுகில் பசைத் தடமும் மூன்று ஓரமும் கத்தியால் வெட்டிய மாதிரி நேராகவும் இருந்தால், அது தொகுப்பிலிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

4. ஆல்பம்: பின்னட்டையைப் படியுங்கள்

இதைக் கற்றுக்கொள்ள நான் பணம் கொடுத்திருக்கிறேன். ‘நீலத் தாமரை, 1946 அச்சு’ என்று ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன். உள்ளே காப்புரிமை வரியில் 1946 என்றுதான் இருந்தது. புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டைப் பட்டியலைப் படித்தால் ‘திபெத்தில் டின்டின்’ இருக்கிறது. அது வெளிவந்ததே 1960-ல். 1946-ல் அச்சான புத்தகம், பதினான்கு வருடம் கழித்து வரப்போகும் புத்தகத்தை விளம்பரம் செய்யாதே! என்னிடம் வந்தது 1960-க்குப் பிந்தைய சாதாரண மறுஅச்சு. விலையோ முதல் வண்ணப் பதிப்பின் விலை.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. காஸ்டெர்மான் பதிப்பகம் ஒவ்வொரு மறுஅச்சிலும் பழைய காப்புரிமை வருடத்தையே விட்டுவைத்தது. ஆனால் பின்னட்டைப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே வந்தது. எனவே பட்டியலில் கடைசியாக வந்த தலைப்பு எதுவோ, அதன் வருடத்துக்கு முன்னால் அந்தப் பிரதி அச்சாகியிருக்க முடியாது. சேகரிப்பாளர்கள் இந்தப் பின்னட்டைகளை எழுத்தும் எண்ணுமாகக் குறியிட்டு வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். விற்பனைக் குறிப்பில் ‘பி1’, ‘பி2’ என்று பார்த்தால் அது இந்த வரிசைதான்.

ஆல்பத்தைக் கையில் எடுத்தால் (இல்லையென்றால் விற்பவரிடம் போட்டோ கேட்டு) இந்த வரிசையில் பாருங்கள். முதலில் பின்னட்டைப் பட்டியல். அடுத்து முதுகு: பழைய டின்டின் ஆல்பங்களுக்குத் துணி முதுகு உண்டு, பிறகு வந்தவற்றுக்குக் கிடையாது. அப்புறம் ‘தெபோ லெகால்’, அதாவது சட்டப்படி பிரதி ஒப்படைத்ததைக் குறிக்கும் அச்சு வரி. பெல்ஜியத்தில் இது 1966-லிருந்து ‘டி’ என்ற எழுத்து, வருடம், பதிப்பக எண் என்ற வடிவில் வரும். அப்படி ஒரு வரி இருந்தாலே புத்தகம் 1966-லோ அதற்குப் பிறகோ அச்சானது. ஐஎஸ்பிஎன் இருந்தால் 1970-களோ அதற்குப் பிறகோ. கடைசியாகத் தாளைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பதிப்பு எண் குழப்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது காஸ்டன் லகாஃப் தொடர். ஃபிரான்கேன் வரைந்த அந்தச் சோம்பேறி ஆபீஸ் பையனின் முதல் ஆல்பம் 1960-ல் நீளவாக்கில் சின்னதாக வந்தது. இன்று அது கிடைப்பது அரிது. பிற்பாடு பெரிய அளவில் மறுபதிப்பு வந்தபோது வரிசையில் ஐந்தாம் எண் மட்டும் விடுபட்டுப் போனது. வாசகர்கள் இல்லாத புத்தகத்தைத் தேடி அலைந்தார்கள். 1986-ல்தான் ஐந்தாம் எண் போட்டு ஒரு ஆல்பம் வந்தது. 1980-களுக்கு முந்தைய செட் ஒன்றில் ‘ஐந்து இல்லை’ என்று யாராவது விலை குறைத்துக் கேட்டால், அந்த ஐந்து அப்போது உலகத்திலேயே இல்லை என்று சொல்லுங்கள்.

விலைக்கு வழிகாட்ட, பெரா, தெனி, மெலோ என்ற மூவர் பெயரின் முதலெழுத்தால் ‘பெதேஎம்’ என்று அழைக்கப்படும் விலைக் கையேடு 1979-லிருந்து வருகிறது. அதில் உள்ளவை நல்ல நிலையில் இருக்கும் பிரதிக்கான விலைகள். கிழிசலும் கிறுக்கலும் உள்ள பிரதிக்கு அந்த விலையைக் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

5. மறுபதிப்பில் எதை வாங்குவது?

மறுபதிப்புகளை நான் மூன்று வகையாகப் பார்க்கிறேன்.

ஃபேக்சிமிலி, பழைய பதிப்பை அப்படியே திரும்ப அச்சிடுவது. காஸ்டெர்மான் இதை நன்றாகச் செய்கிறது. 1973-ல் வந்த ‘ஆர்ஷீவ் ஹெர்ஜே’யின் முதல் தொகுதி ஹெர்ஜேயின் ஆரம்பகாலக் கறுப்பு வெள்ளைக் கதைகளை ஒரே புத்தகத்தில் கொடுத்தது. பழைய புத்தகச் சந்தையில் அதுவும் கிடைக்கும்.

‘அந்தெக்ரால்’ என்கிற முழுத் தொகுப்புகள் இரண்டாம் வகை. துப்புயி 2006-லிருந்து, ‘ஸ்பிரூ’ இதழின் நாயகனான ஸ்பிரூவின் கதைகளை வருட வரிசையில் தொகுத்தது. முன்பகுதியில் ஓவியர் எங்கே இருந்தார், எந்த வாரம் எந்தப் பக்கம் தாமதமானது என்று விரிவான கட்டுரை, இதழ் அட்டைகள், ஆல்பத்தில் சேராத துண்டுகள் எல்லாம் இருக்கும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் மொபைலில் மொழிபெயர்த்துப் படித்துவிடலாம். ஒரு ஓவியரை ஆழமாக அறிய இதுதான் சிறந்த வழி.

மூன்றாவது, மொழிபெயர்ப்புகள். ஆங்கிலத்தில் 2005-லிருந்து பிரிட்டனின் சினிபுக் நிறைய வெளியிட்டிருக்கிறது. தமிழில் சிவகாசியின் லயன்-முத்து. முத்து 1972-லும் லயன் 1984-லும் தொடங்கின. அந்தக் காலத்து நியூஸ்பிரிண்ட் பிரதிகளில் படங்கள் சுருங்கி, வண்ணம் இல்லாமல்தான் இருக்கும். ஆனாலும் அவையே இன்று சேகரிப்புப் பொருள்கள். படத்தை நன்றாகப் பார்க்க 2012-க்குப் பிறகு வந்த பெரிய வண்ணப் பதிப்புகளை வாங்குங்கள்.

வண்ணம் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஆல்பங்களில், வெளிர் நீலக் கோட்டில் அச்சிட்ட தாளின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டினார்கள். உற்றுப் பார்த்தால் வானத்தில் நீர்வண்ணத்தின் ஏற்ற இறக்கம் தெரியும். இப்போதைய சில மறுபதிப்புகளில் கணினியால் புதிதாக வண்ணம் போட்டிருக்கிறார்கள். சுத்தமாக இருக்கும், ஆனால் அந்த வானம் செத்துவிடும். வாங்கும் முன் ஒரே பக்கத்தின் பழைய, புதிய அச்சுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. பொம்மை, அச்சுப்படம், கையெழுத்து

ஸ்மர்ஃப் பொம்மைகள் மலிவாக ஆரம்பிக்க ஏற்றவை. ஜெர்மனியின் ஷ்லைக் நிறுவனம் 1960-களிலிருந்து செய்த பிளாஸ்டிக் பொம்மைகளில், காலடியில் நிறுவனப் பெயரும் ஸ்மர்ஃப்களைப் படைத்த பெயோவின் பெயரும் அச்சாகியிருக்கும். பிக்சி நிறுவனத்தின் கையால் வண்ணம் தீட்டிய ஈயப் பொம்மைகள் எண்ணிக்கை போட்டு வருபவை. பெட்டியும் சான்றிதழும் இல்லாமல் அவற்றுக்குப் பாதி மதிப்புகூட இருக்காது.

‘எக்ஸ்-லிப்ரிஸ்’ என்பது புதிய ஆல்பத்தோடு சில கடைகள் தரும் எண் இட்ட, பெரும்பாலும் கையெழுத்திட்ட அச்சுப்படம். சட்டம் போட்டு மாட்ட அருமையாக இருக்கும். ஓவியர் ஆல்பத்தில் வரைந்து தரும் படங்களை பிரான்ஸின் அங்கூலேம் மாதிரி காமிக்ஸ் விழாக்களில் நேரில் வாங்கினால் நிம்மதி. ஹெர்ஜேயின் படம் என்று வருபவற்றில் போலி அதிகம், எட்டவே நில்லுங்கள். மூல ஓவியம் நம் கைக்கு எட்டாத உலகம். 1936-ல் நீலத் தாமரைக்காக ஹெர்ஜே வரைந்த அட்டை ஓவியம் ஒன்று 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் 31 லட்சம் யூரோவுக்கு மேல் போனது.

7. எங்கே தேடுவது?

நேரில் போக வாய்ப்புள்ளவர்களுக்கு: பிரஸ்ஸல்ஸில் ஷூ தெ பால் சதுக்கத்தின் பழைய பொருள் சந்தை தினமும் காலையில் கூடும். பாரிஸில் ரூ தாந்தே தெருவில் காமிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சேன் நதிக்கரைப் பெட்டிக்கடைகளும் உண்டு. பிரஸ்ஸல்ஸில் விக்டர் ஓர்தா கட்டிய பழைய துணிக்கடை மாளிகையில் இருக்கும் காமிக்ஸ் மையத்தையும், லூவான்-லா-நூவில் 2009-ல் திறந்த ஹெர்ஜே அருங்காட்சியகத்தையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அசல் தாளின் கோட்டைப் பார்த்துப் பழகிய கண்ணை ஏமாற்றுவது கஷ்டம்.

வீட்டிலிருந்து வாங்க ஈபே, டெல்காம்ப், கேட்டாவிக்கி. எந்த ஆல்பத்துக்கு எத்தனை பதிப்பு, அட்டை எப்படி மாறியது என்று பார்க்க பெதெதேக் தளம் பெரும் உதவி. தனித்தனியாக வாங்காமல் ஒரே விற்பவரிடம் பத்து இதழ் சேர்த்து வாங்குங்கள், தபால் செலவு பகிர்ந்துவிடும். 1960, 70-களின் சாதாரண இதழ்கள் சில யூரோவுக்கே கிடைக்கும் என்பதால் பேரம் பேச வேண்டியது தபாலுக்குத்தான். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, மூலை மடங்காமல், பிளாஸ்டிக் உறைக்குள் கட்டச் சொல்லி எழுதிவிடுங்கள். ஐரோப்பியருக்கு நம் ஊர் மழை தெரியாது.

8. வீட்டுக்கு வந்த பிறகு

பழைய இதழ்த் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருப்பதால், தாள் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும், நாளாக ஆக நொறுங்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில் இரும்புப் பின்தான் முதல் எதிரி. துரு ஏறினால் பின்னைச் சுற்றித் தாள் பழுப்பாகி ஒருநாள் நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். துரு பிடித்திருந்தால் இதழை நடுவில் விரித்து, மழுங்கிய கத்தியால் பின்னின் கால்களை உள்பக்கமிருந்து நிமிர்த்தி, மெல்ல வெளியே தள்ளி எடுங்கள். பழைய துளை வழியாகவே பருத்தி நூல் கோத்துத் தளர்வாக முடிச்சுப் போடுங்கள். இழுத்துக் கட்டினால் தாள் அறுந்துவிடும்.

உறைக்கு மைலார் அல்லது பாலிப்ரொப்பிலீன். பிவிசி உறை காலப்போக்கில் மையோடு ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப், லேமினேஷன் இரண்டையும் கிட்டே விடாதீர்கள். இதழ்களைப் படுக்கையாகப் பத்துப் பத்தாக அடுக்குங்கள், ஆல்பங்களை நிமிர்த்தி, சாயாமல் வையுங்கள். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரத்தை உள்ளே இழுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அடிக்கடி மாற்றுங்கள். தை பிறந்து காற்று உலர்ந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் விரித்து, முதுகுப் பக்கம் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பசை இருக்கும் இடம்தான் அதற்குச் சோறு.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தலைப்பு, எந்த நாட்டுப் பதிப்பு, பின்னட்டையில் கடைசித் தலைப்பு, புள்ளி வெட்டப்பட்டதா, நடுப்பக்கம் உண்டா, வாங்கிய விலை, தபால் செலவு தனியாக. இன்னொரு பக்கத்தில் இல்லாதவற்றின் பட்டியல். ரிக் ஓஷே அந்தக் கதவைத் திறந்து உள்ளே நுழையும் அடுத்த வார இதழ்தான் என் பட்டியலில் முதல் வரி.